கையெழுத்துப் போட்டு வைத்த செக் புக்: டிரஸ்ட் நடத்துபவர்களுக்குக் கேள்வி பதில்

வட சென்னையில் டிரஸ்ட், சங்கம் நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கணக்கு, காப்பீடு, பிள்ளைகள் பாதுகாப்பு பற்றி மட்டும் பதில் உண்டு. நிலத் தகராறுக்கு வக்கீலைப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை, டிரஸ்ட் செயலாளர்: தலைவர் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. பத்து செக்கில் கையெழுத்துப் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போவார். தப்பா?

தப்புதான். இருவர் கையெழுத்து என்று வங்கியில் எழுதிக்கொடுத்துவிட்டு ஒருவர் முன்கூட்டியே போட்டு வைத்தால், அது ஒற்றைக் கையெழுத்துதான். பொருளாளர் யோக்கியராகவே இருக்கட்டும். பையை ஷேர் ஆட்டோவில் விட்டுவிட்டால்?

மூன்று பேரைக் கையொப்பதாரர் ஆக்கி, 'மூவரில் எவரேனும் இருவர்' என்று தீர்மானம் போட்டு, அவர்களின் அடையாளச் சான்றோடு வங்கியில் கொடுங்கள். தலைவர் வெளியூர் போனாலும், பொருளாளர் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் டீச்சர் சம்பளம் நிற்காது. நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஓடிபியும் ஒரே போனுக்கு வந்தால் அந்த வசதிக்கு அர்த்தமே இல்லை.

அடுத்ததுதான் பலர் விட்டுவிடுவது. கையெழுத்து உரிமை இல்லாத நான்காவது உறுப்பினர் ஒருவர் மாதாமாதம் வங்கியிலிருந்தே ஸ்டேட்மென்ட் வாங்கி, கேஷ் புக்கோடு வரிக்கு வரி டிக் அடிக்க வேண்டும். பொருளாளர் டைப் அடித்துத் தரும் எக்செல் ஷீட் ஸ்டேட்மென்ட் ஆகாது.

ராயபுரம், மீனவர் நலச் சங்கம்: முப்பது வருஷமா நம்பிக்கையில ஓடுற சங்கம் சார். இப்போ நாலாவது ஆளை விட்டுக் கணக்குப் பாருன்னா, பொருளாளர் மூஞ்சில அடிச்ச மாதிரி ஆகாதா?

நாளைக்கே 'பணம் எங்கே போச்சு' என்று ஒரு வதந்தி கிளம்பினால், டிக் அடித்த அந்தத் தாள்தான் அவருக்குச் சாட்சி. அது இல்லையென்றால் முப்பது வருஷப் பேரும் ஒரே கூட்டத்தில் போய்விடும்.

கொருக்குப்பேட்டை, இளைஞர் மன்றம்: ராயபுரம் அண்ணன் சொல்றதுதான் சரி. கம்பெனி மாதிரி நடத்தினா சேவைக்கு யார் வருவாங்க?

கம்பெனி எதற்கு? உங்கள் தெருவில் சீட்டுப் பிடிக்கும் அக்காவைப் பாருங்கள். ஏலத்தை எல்லோர் முன்னாலும்தான் எடுக்கிறார், நோட்டைக் காட்டுகிறார். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை.

ராயபுரம், மறுபடியும்: சீட்டும் சங்கமும் ஒண்ணா சார்?

இல்லைதான். சீட்டில் போட்டவர் தன் பணத்தைத் தானே வந்து கேட்பார். நன்கொடை கொடுத்தவர் திரும்பி வந்து கேட்பதில்லை. அவருக்குப் பதிலாக யாராவது கேட்க வேண்டுமே, அதற்குத்தான் அந்த நாலாவது ஆள். இத்தோடு இந்த வாதத்தை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பெரம்பூர்: ரொக்கமா 5,000 கொடுத்தவருக்கு 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கேட்கும் ரசீது) தரலாமா?

ரசீது தரலாம். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. யூபிஐயில் போடச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர்: சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஒரு லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வையுங்கள். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டாரா? ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், ரூபாயாகக் கொடுத்தாலும்தான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடாதீர்கள்.

எர்ணாவூர், தையல் பயிற்சி மையம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. இனி என்ன முன்னேற்பாடு?

மெஷின் வாரியாகச் சீரியல் நம்பர், விலை, வாங்கிய தேதி எழுதி, போட்டோ எடுத்து ஒரு நகலை வேறு ஏரியாவில் இருப்பவரிடம் கொடுங்கள். வாடகைக் கட்டடமானாலும் உள்ளே இருக்கும் பொருள்களுக்குத் தனியாகத் தீ விபத்து பாலிசி எடுக்கலாம். அதில் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார்களைக் கழற்றி மேலே வைக்க ஒரு பரண் போடுங்கள். டிரஸ்ட் பத்திரம் ஊறிப்போனாலும் பயமில்லை, பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

நனைந்ததை உடனே காயலான் கடைக்குப் போடுவதில்தான் இழப்பீடு போகிறது. காப்பீட்டு கம்பெனியின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு ஊசிகூட வெளியே போகக் கூடாது.

மூலக்கொத்தளம்: எங்க டிரஸ்ட் ரொம்பச் சின்னது. இதெல்லாம் எங்களுக்குமா?

இன்றைக்கு இது ஆறாவது தடவை. ஆமாம். உங்களுக்கும்தான்.

வியாசர்பாடி, டியூஷன் சென்டர்: வாத்தியார் ஒருத்தர் மேல பிள்ளை ஒன்று தப்பாகப் புகார் சொல்கிறது. பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்கலாமா?

கூடாது. புகார் தப்பா சரியா என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. பாலியல் விஷயமானால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்கும் இன்றைக்கே போன் செய்யுங்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். அது சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதித் தேதி போடுங்கள். அந்த வாத்தியார் இனி சென்டருக்குள் வர வேண்டாம்.

தண்டையார்பேட்டை, மறுபடியும்: அந்தப் பத்து செக்கில் ஏழு மிச்சம் இருக்கு சார். கிழிச்சுப் போட்டுடவா?

கிழிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் குறுக்கே 'ரத்து' என்று பெரிதாக எழுதி, கையெழுத்தின் மேலேயே கோடு போட்டு, அடிக்கட்டையோடு ஸ்டேபிள் செய்யுங்கள். ஏழு நம்பரையும் செக் பதிவேட்டில் ஏற்றி, தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இந்தத் தடவை எழுதிய பிறகு.