காணிக்கைப் பெட்டில போட்டா கணக்கு தீர்ந்துடுமா?

கேள்வி: அக்கா, நான் சேல்ஸ்ல இருக்கேன். சபைல வாலிபர் கூட்டம் நடத்துறேன், ஞாயித்துக்கிழமை கீபோர்டும் வாசிக்கிறேன், எல்லாரும் நல்ல சாட்சியுள்ள பையன்னு சொல்றாங்க. ஆனா பைக் 40 கிலோமீட்டர் ஓடுனா 55னு எழுதி பெட்ரோல் காசு வாங்கிட்டு இருந்தேன். மாசம் 800 ரூபாய், 14 மாசம். இப்ப நிறுத்திட்டேன், ஆனாலும் ஜெபம் பண்ண உட்கார்ந்தா வறண்டு போய்க் கிடக்கு. அந்தப் பணத்தை காணிக்கையா போட்டுடலாமா?

பதில்: தம்பி, வேண்டாம். அது உங்க காசே இல்லையே, கம்பெனி காசை எடுத்து ஆண்டவருக்குக் கொடுத்தா அது எப்படி காணிக்கை ஆகும்? லேவியராகமம் 6ம் அதிகாரத்தைப் பாருங்க, ஏமாத்தி எடுத்தவன் முதலோட ஐந்துல ஒரு பங்கு கூட சேர்த்து உடையவன் கையில கொடுக்கணும், குற்றநிவாரண பலி அதுக்கப்புறம்தான் வருது. மலைப்பிரசங்கத்துல இயேசுவும் இதே வரிசைதான் சொல்றாரு, காணிக்கையை பலிபீடத்துக்கு முன்னாடி வெச்சுட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு. உங்க கணக்கு 11,200 ரூபாய், ஐந்துல ஒரு பங்கு 2,240, ஆக 13,440. வரி வசூல்காரன் சகேயு, ஏமாத்தி வாங்குனதை நாலத்தனையா, அதாவது நாலு மடங்கா தர்றேன்னு இயேசுகிட்ட சொன்னான், அவன் அளவுக்கு உங்களை இழுக்கல, ஆனா தொகையை ஒரு பேப்பர்ல எழுதிட்டீங்கன்னா அது "ஒரு சின்ன தப்பு"ன்னு மங்கலா நிக்காது.

மேனேஜர்கிட்ட நேர்ல போய் சொல்லுங்க. வேலைக்கு ஆபத்து வராதுன்னு நான் வாக்கு கொடுக்க முடியாது, வரலாம்.

எலிசா தீர்க்கதரிசியோட வேலைக்காரன் கேயாசி ஞாபகம் வருது. எலிசா குஷ்டத்தை சுகமாக்கிட்டு எதுவும் வாங்காம அனுப்புன படைத்தலைவன் நாமான்கிட்ட இவன் பொய் சொல்லி ரெண்டு தாலந்து வெள்ளியும் ரெண்டு மாற்று வஸ்திரமும் வாங்கிட்டு வந்து வீட்டுக்குள்ள பத்திரமா வெச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி போய் எலிசா முன்னாடி நிக்கிறான் பாருங்க, எங்க போயிருந்தேன்னு கேட்டா எங்கயும் போகலன்னு சொல்றான். எனக்கு அவன் வெள்ளி வாங்குனதை விட அந்த நிக்கிறதுதான் பயமா இருக்கும். நீங்க கீபோர்டு முன்னாடி நிக்கிறதும் அதுதானே. உங்க வறட்சிக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், சுத்தமா வாழ்றவங்களுக்கும் வறண்ட காலம் வரும், ஆனா இது தெரிஞ்சிருந்தும் இதை விட்டுட்டு வேற காரணம் தேடாதீங்க.

இன்னொண்ணு, இதான் முக்கியமா சொல்ல வந்தது. திருப்பிக் கொடுத்த அடுத்த வாரமே வாலிபர் கூட்டத்துல அதை சாட்சியா சொல்லணும்னு கை பரபரக்கும். சொல்லாதீங்க. சொன்னா திரும்பவும் "நல்ல சாட்சியுள்ள பையன்"தான், சுத்தி சுத்தி அதே இடம். நானே இதுல அடி வாங்குனவ. ஒரு தடவை ஆயர் எங்க வீட்டுக்கு வந்திருந்தப்போ குடும்ப ஜெபத்துல நான் பண்ணுன ஜெபம் வழக்கத்தை விட நாலு மடங்கு நீளம், அவர் படி இறங்கினதும் ஆறு வயசு பையன் கேக்குறான், "அம்மா, இன்னைக்கு ஏன் வேற குரல்ல ஜெபம் பண்ணுன?" அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல. அறைவீட்டுக்குள்ள போய் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணுன்னு மத்தேயு 6ல வருதுல்ல, அங்க கிரேக்கத்துல இருக்கிற வார்த்தைக்கு சாமான் போட்டு வைக்கிற உள்அறைன்னு அர்த்தம். நம்ம வீட்டு ஸ்டோர் ரூம் மாதிரி, அரிசி மூட்டை, பழைய பாத்திரம், எலி. விருந்தாளியை அங்க யாரும் உட்கார வைக்க மாட்டாங்க. உங்க 13,440 ரூபாய் கதையும் அங்கயே இருக்கட்டும்.

கேள்வி: தினமும் வேதம் வாசிக்கிறேன், வளர்ச்சின்னு ஒண்ணும் தெரியல. வருஷத்துக்குள்ள முழு வேதாகமமும் முடிக்கணுமா?

பதில்: மொத்தம் 1,189 அதிகாரம், நாளைக்கு மூணு, ஞாயித்துக்கிழமை அஞ்சுன்னு வாசிச்சா முடிஞ்சிடும், நல்ல பழக்கம்தான். ஆனா டிக் போடுறதுக்காகவே ஓடுறீங்கன்னா ஒரு மாசம் அதை நிறுத்திட்டு 139ம் சங்கீதத்தை மட்டும் மெதுவா வாசிங்க. என்னை ஆராய்ந்து என் இருதயத்தை அறிந்துகொள்ளும்னு முடிவுல வரும், அந்த இடத்துல அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க, யார் முகம் வருதுன்னு பாருங்க, அனேகமா நீங்க பேசாம இருக்கிற யாரோதான் வரும். வளர்ச்சியை நாமளே அளந்து பாக்கணும்னு இல்ல, மாற்கு 4ல விதைச்சவன் ராத்திரி தூங்குறான், பகல்ல முழிக்கிறான், அவனுக்கே தெரியாம அது முளைக்குது. இந்த வருஷம் முடிக்கலைன்னா அடுத்த வருஷம் முடிங்க, ஜூலைல முடிச்சாலும் கடைசி புத்தகமான வெளிப்படுத்தல்ல அதேதான் எழுதியிருக்கும்.