கடல்மேடைகளும் காற்றும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கடலில் எண்ணெய், எரிவாயு மேடைகளையோ காற்றாலைகளையோ நிறுவுவதற்கு முன், அந்த இடத்தில் வீசும் காற்றின் ஆண்டுச் சராசரி வேகத்தைத் தெரிந்துகொண்டால் போதாதா?

பதில்: போதாது. காற்றிலிருந்து பெறக்கூடிய ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்வதால், நொடிக்கு 8 மீட்டராக வீசும் காற்று 10 மீட்டராகக் கூடினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். கட்டமைப்பின் மீது காற்று செலுத்தும் விசையும் வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே 10 நிமிடச் சராசரி, 3 நொடி நீடிக்கும் வன்காற்று, திசை, உயரத்துக்கேற்ற வேறுபாடு ஆகிய அனைத்தையும் தனித்தனியே அறிய வேண்டியிருக்கிறது. கருவியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம்; மேடையின் கட்டடங்களுக்கு இடையே பொருத்தினால், அது கடற்காற்றைக் காட்டாமல் அந்தக் கட்டடங்கள் கலைத்த காற்றையே காட்டும். இதனால்தான் மிதவைகளில் லைடார் கருவிகளைப் பொருத்தி, லேசர் ஒளியால் வெவ்வேறு உயரங்களில் வேகத்தை அளக்கிறார்கள். ஓராண்டாவது எடுத்த அந்த அளவீடுகளைப் பல பத்தாண்டு வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்ட பிறகே நீண்டகால மதிப்பீடு கிடைக்கிறது.

அலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1995 ஜனவரி 1 அன்று வடகடலின் டிராப்னர் மேடையில், கடலின் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' (அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி) 12 மீட்டர் அளவில் இருந்த நேரத்தில், 25.6 மீட்டர் உயரமுள்ள ஒற்றை அலை பதிவானது.

'நூறு ஆண்டுப் புயல்' என்ற சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்புள்ள புயல் என்பதே அதன் பொருள். 25 ஆண்டுகள் இயங்கும் மேடை அப்படிப்பட்ட புயலை ஒரு முறையேனும் சந்திக்கும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம்; ஒதுக்கிவிடக்கூடிய அளவு அல்ல.

கேள்வி: அப்படியானால் காற்று ஓய்ந்திருக்கும் நாட்களில் மேடை பாதுகாப்பாக இருக்கும் எனக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. எரிவாயு கசிந்தால், நல்ல காற்று அதை நீர்த்துப்போகச் செய்து அகற்றிவிடும். அசைவற்ற நாளில் அதே வாயு கருவிகளுக்கிடையே தேங்கி, வெடிக்கக்கூடிய செறிவை எட்டலாம். காற்றைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்ஃபைடு தாழ்வான இடங்களில் தங்கிவிடும். ஆகவே மதிப்பீட்டில் புயலுக்குத் தரும் அதே கவனத்தை அமைதியான காற்றுக்கும் தர வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

திசையும் உயிர்களைத் தீர்மானிக்கிறது. 1988 ஜூலை 6 அன்று வடகடலின் பைப்பர் ஆல்ஃபா மேடையில் நேர்ந்த வெடிப்பிலும் தீயிலும் 167 பேர் இறந்தனர். அவர்களில் பலரைக் கொன்றது, தங்கும் பகுதிக்குள் புகுந்த புகை. தங்கும் பகுதியை வழக்கமான காற்று வரும் பக்கத்தில் அமைப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் காற்று எப்போதும் ஒரே திசையிலிருந்து வீசுவதில்லை. ஆகையால் தீத்தடுப்புச் சுவர்களும், வாயுவையோ புகையையோ உணர்ந்தவுடன் தாமே மூடிக்கொள்ளும் காற்று நுழைவாயில்களும், ஆபத்தின்போது பணியாளர்கள் கூடுவதற்கான மாற்று இடங்களும் வேண்டும். ஹெலிகாப்டர் தளத்துக்கும் தனி ஆய்வு தேவை, ஏனெனில் மேடையில் இயங்கும் எரிவாயு டர்பைன்களின் வெப்பப் புகைத்தாரை அங்கே வந்து சேர்ந்தால் ஹெலிகாப்டரின் தூக்குவிசை சட்டெனக் குறையக்கூடும்.

கேள்வி: எண்ணெய் கசிந்தால் அது எந்தக் கரையைத் தொடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பதில்: ஒரே கரையைச் சுட்டிக்காட்ட முடியாது, ஒவ்வொரு கரைக்கும் உள்ள வாய்ப்பைச் சொல்ல முடியும். மிதக்கும் எண்ணெய், நீரோட்டத்தோடு, காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீத வேகத்திலும் நகரும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு நாள் முழுதும் ஒரே திசையில் வீசினால், காற்றினால் மட்டுமே அது சுமார் 26 கிலோமீட்டர் செல்லும். எனவே கடந்தகாலக் காற்று, நீரோட்டப் பதிவுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தொடக்க நாட்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் கசிவு நேர்ந்ததாகக் கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்தக் கரை எத்தனை முறை, எவ்வளவு விரைவில் பாதிக்கப்படுகிறது என்று பட்டியலிடுகிறார்கள். பறவைகள் கூடுகட்டும் காலமும் மீன்கள் முட்டையிடும் காலமும் இதனுடன் பொருத்திப் பார்க்கப்பட வேண்டும்.

கசிவு மட்டுமே பாதிப்பு அல்ல. காற்றாலைத் தூண்களை அடித்து இறக்கும் ஓசை கடல் பாலூட்டிகளைத் துன்புறுத்துவதால், ஜெர்மனி 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபல் என்ற வரம்பை விதித்திருக்கிறது. தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை எழுப்பி ஓசையைத் தணிக்கிறார்கள்.

ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது வேறு ஒன்றை. எண்ணெயைத் தடுக்கும் மிதவைத் தடுப்புகள், தமக்குச் செங்குத்தாகப் பாயும் நீரோட்டம் நொடிக்குச் சுமார் 0.35 மீட்டரைத் தாண்டினாலே எண்ணெயை அடிவழியே நழுவவிடத் தொடங்கும். உயர்ந்த அலைகளில், எண்ணெயை அள்ளி மீட்கும் படகுகளும் வேலை செய்ய இயலாது. அந்த இடத்தில் ஆண்டுக்கு எத்தனை நாட்கள் அப்படிப்பட்டவை, அந்நாட்களில் கசிவு நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்பதை அறிக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பொதுக் கருத்துக்கேட்பில் எழுந்து அதைக் கேளுங்கள்.