சீனி வருத்தமா, கொரோனாவா?

கேள்வி: என் மாமனாருக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். 2021 ஓகஸ்டில் கொரோனா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் போய்விட்டார். சீனியால் செத்தவரைக் கொரோனாக் கணக்கில் எழுதிவிட்டார்கள். அப்போதைய தட்டுப்பாடும் முதலாளிமாரின் பதுக்கல்தானே? போனவர்களை எண்ணித்தான் என்ன பயன்?
- வாசகர் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: உங்கள் துயரம் விளங்குகிறது. ஆனால் நீங்கள் சொல்வது பிழை.

மரணக் காரணத்தை எழுத மருத்துவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. உயிரை நேரே எடுத்தது எது, அதைக் கொண்டுவந்தது எது, எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது எது என்று முதற்பகுதி படிப்படியாகக் கீழே இறங்கும். பொதுவாக அந்த அடிவரிதான் கணக்கில் ஏறும். உடம்பைப் பலவீனமாக்கிய மற்ற நோய்களுக்கு இரண்டாம் பகுதி. மாமா இருபது வருடம் சீனியோடு வாழ்ந்தவர். வைரஸ் வந்திராவிட்டால் அந்தக் கிழமை செத்திருப்பாரா? கறையான் அரித்த குளக்கட்டு வெள்ளத்தில் உடைந்தால், வெள்ளம் உடைத்தது என்றுதானே சொல்வோம்.

உண்மையான கோளாறு மறுபக்கம். 2020, 2021 இரண்டு வருடத்திலும் சேர்த்து உலகில் கொரோனா மரணமாக அறிவிக்கப்பட்டவை சுமார் 54 இலட்சம். வழக்கத்துக்கு மேலாக நிகழ்ந்த மரணங்கள் 1 கோடி 49 இலட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. சோதனை செய்யாமல் வீட்டில் போனவர்கள் அதில் இருக்கிறார்கள். கிளினிக்குக்குப் போக பஸ் இல்லாமல், மாத மருந்து கிடைக்காமல் வேறு நோயில் போனவர்களும் இருக்கிறார்கள். இவர்களை எந்த வரியில் எழுதுவது?

பதுக்கியவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொட மொத்த மீன் சந்தையில் தொற்று பரவி அதை மூடியபோது நடந்ததை யோசியுங்கள். கடலில் மீன் இருந்தது, வள்ளம் இருந்தது, பிடிக்க ஆளும் இருந்தார்கள். வாங்குகிற சந்தை ஒன்று மூடியதும் கரையில் மீனுக்கு விலையில்லை. இதில் எந்த முதலாளி எதைப் பதுக்கினார்? 2021 ஓகஸ்டில், உங்கள் மாமா ஆஸ்பத்திரியில் இருந்த அதே மாதம், 100 தொன் ஒட்சிசன் இந்தியாவிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்தது. இத்தனை நோயாளிகள், இத்தனை மரணங்கள் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் அப்படிக் கேட்டு வாங்க முடியும்.

எண்ணி என்ன பயன் என்று வன்னியில் இருந்துகொண்டு எப்படிக் கேட்டீர்கள்? அதுதான் எனக்கு வலிக்கிறது. கடைசி யுத்தம் நடந்த 2009 பெப்ரவரியில், யுத்த வலயத்துக்கு உள்ளே இருக்கும் சனங்கள் 70,000 பேர் அளவில்தான் என்றது அரசு. உணவும் மருந்தும் அந்தக் கணக்கை வைத்துத்தான் வந்தன. கடைசியில் அங்கிருந்து வெளியேறி அகதி முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 290,000 பேர். கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

சரி, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையில் அந்த மாதங்களில் சோதனை இல்லாமல் வீட்டிலேயே போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன காரணம் பதிந்தார்கள் என்று விசாரித்து, பெயர் போடாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.