மரம் அறிவோம்: எது சரக்கொன்றை?

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் மஞ்சளாகப் பூக்கும் இரண்டு மரங்கள் நிற்கின்றன. இரண்டையும் கொன்றை என்றே சொல்கிறார்கள். பூ இல்லாத மாதங்களிலும் அவற்றை வேறுபடுத்தி அறிய வழி உண்டா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் சரக்கொன்றையும் பெருங்கொன்றையுமாக இருக்கும்.

முதலில் இலையைப் பாருங்கள். சரக்கொன்றையில் ஒரே காம்பின் இருபுறமும் உள்ளங்கை நீளத்துக்கு வளரும் சிற்றிலைகள் சில இணைகளாக அமைந்திருக்கும். இயல்வாகை என்றும் அழைக்கப்படும் பெருங்கொன்றையிலோ காம்பு மீண்டும் கிளைத்து, நூற்றுக்கணக்கான சிறு இலைகளைத் தாங்குவதால், தழை இறகு போலத் தோன்றும். காய் இன்னும் தெளிவான சான்று. சரக்கொன்றையின் காய் 30 முதல் 60 செ.மீ. வரை நீண்டு உருண்டு தொங்கி, முற்றியதும் கருக்கும். உடைத்தால் குறுக்குத் தடுப்புகளுக்கிடையே ஒட்டும் கரிய சதையும் விதைகளும் தெரியும். பெருங்கொன்றையின் காய் தட்டையானது, செம்புநிறமானது, பல மாதங்கள் கிளையிலேயே தங்குவது.

சித்திரையில், இலைகளைப் பெரிதும் உதிர்த்துவிட்டுச் சரம்சரமாகக் கீழ்நோக்கிப் பூத்து நிற்கும் சரக்கொன்றையின் அடியில் சற்று நேரம் நின்று, ஒரு பூவைக் கையிலெடுத்து, வளைந்து நீண்ட அதன் மூன்று மகரந்தத் தாள்களைப் பாருங்கள். சிவபெருமானுக்குரிய மலராக நம் முன்னோர் இதைப் போற்றியதில் எனக்கு வியப்பே இல்லை. பெருங்கொன்றையின் பூங்கொத்துகள் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும்; அவற்றின் மொட்டுகள் துருநிறம் கொண்டவை.

வேலியோரத்தில் இடுப்பளவு உயரத்தில் மஞ்சளாகப் பூக்கும் புதரும் இருந்தால், அது சரக்கொன்றையின் உறவான ஆவாரையாக இருக்கலாம்.