வேலையை விட்டுவிட்டு நாவல் எழுதலாமா?

அன்புள்ள அண்ணா,

சொந்த ஊர் கிளிநொச்சிப் பக்கம். கொள்ளுப்பிட்டியில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வெள்ளவத்தையில் போர்டிங். ஞாயிறு இதழ்களில் நாலைந்து சிறுகதைகள் வந்திருக்கின்றன. ஒரு நாவல் மனதில் கிடக்கிறது. ஆனால் 101 பஸ்ஸில் நசுங்கி அறைக்கு வந்து சேர்ந்தால் ஒரு வரி ஓடாது. ஆறு மாதத்துக்குக் காணும் சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிடவா? இல்லையென்றால் விளம்பரம், மொழிபெயர்ப்பு என்று எழுத்தோடு சம்பந்தப்பட்ட வேலைக்கு மாறவா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

விட வேண்டாம்.

இங்கே தமிழ் நாவல் எப்படி வெளிவருகிறது என்று பார்த்திருப்பீர்கள். 300 பிரதி, மிஞ்சினால் 500. அச்சுக்கூலி பெரும்பாலும் எழுதியவர் கையிலிருந்து. தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெளியீடு வைத்து, முதல் பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் கூப்பிட, சொந்தக்காரரும் தெரிந்த வர்த்தகரும் கடித உறையோடு மேடைக்கு வருவார்கள். அச்சகக் கடன் அந்த உறைகளில்தான் அடைகிறது. மிச்சம் புத்தகக் கடைக்கு, அதிலும் மிஞ்சினது கட்டிலுக்குக் கீழே. கேலியாகச் சொல்லவில்லை, அந்த உறைகள் இல்லாவிட்டால் நம்மவர் புத்தகங்கள் பல அச்சேறியே இருக்காது. ஆனால் உறை ஒரு தடவைதான் வரும், போர்டிங் காசு மாதாமாதம் கட்ட வேண்டும். ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி வேறு இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால் நிறுவனம் 12 வீதம் போடுகிறது, ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3. விட்டால் அதுவும் நின்றுவிடும். முதல் நாவல் ஆறு மாதத்தில் முடியும் என்று யார் சொன்னது? நாலாம் மாதமே வேலை தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

இரண்டாவது கேள்விதான் யோசிக்க வைத்தது. 2022இல் புக்கர் பரிசு வாங்கிய ஷெஹான் கருணாதிலக விளம்பர வாசகம் எழுதிச் சம்பாதித்தவர். ஆகவே முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவர் எழுதுவது ஆங்கிலத்தில். கொழும்பு விளம்பர நிறுவனங்களில் தமிழ் வாசகம் என்பது பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முடிவானதைக் கடைசி நேரத்தில் தமிழாக்குவது. பகல் முழுக்க பிஸ்கட்டுக்கும் சிம் கார்டுக்கும் அப்படி வசனம் பண்ணிவிட்டு, ராத்திரி அதே தமிழைத் தொடச் சலிக்கும். கணக்குப் பிரிவில் அந்தத் தொல்லை இல்லை. தெளிவத்தை ஜோசப் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருந்துகொண்டேதான் எழுதினார். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்திக்கொண்டே 1966இல் மல்லிகை இலக்கிய இதழைத் தொடங்கினார். எழுத்துக்குப் பக்கத்து வேலையா என்று பார்க்காதீர்கள். கந்தோரை விட்டு இறங்கியதும் தலைக்குள் கூடவே வராத வேலையா என்று பாருங்கள்.

சரி, நேரத்துக்கு எங்கே போவது? இரவை விட்டுவிடுங்கள், அது பஸ்ஸுக்கே போய்விட்டது. விடியப்புறம் ஒரு மணித்தியாலம், போர்டிங்கில் குளியலறைக்கு வரிசை தொடங்குமுன். அப்புறம் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. வருடத்துக்கு 12, சில வருடம் 13. சம்பளத்தோடு லீவு, பாதிக் கடைகள் பூட்டு, வீதியில் சத்தமும் குறைவு. வியாழக்கிழமையில் போயா வந்தால் வெள்ளிக்கு ஒரு லீவு போடுங்கள், சனி ஞாயிறோடு நாலு நாள் சேரும். அந்த நாலு நாளிலும் ஊருக்குப் போகாதீர்கள். அம்மா கோபிப்பார்தான், அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம்.