வில் அம்பு வேட்டை, துப்பாக்கி வேட்டையைவிட நியாயமானதா?

நான் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சினில். 1934-லேயே வில்லுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் ஒதுக்கிய மாநிலம் இது. இலையுதிர் காலத்தில் நானும் வில்லோடு காட்டுக்குப் போகிறவன். (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

என் பதில்: கிட்டத்தில் நின்று எய்தால் நியாயம், தூரத்திலிருந்து எய்தால் கொடுமை.

"மானுக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்புக் கொடுக்கிறோமே" என்று எங்கள் ஆட்களே பலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மான் முழுசாகத் தப்ப வேண்டும், இல்லையென்றால் சட்டென்று சாக வேண்டும். அம்பு தைத்த உடம்போடு ஓடி எங்கோ புதரில் கிடந்து சாவது வாய்ப்பே இல்லை.

வில்லில் அந்த ஆபத்து அதிகம். அம்பு கொல்வது இரத்தப்போக்கால். சவரக்கத்தி போன்ற விளிம்புள்ள அகன்ற முனை நுரையீரலை அறுத்தால் மான் சில நொடிகளில் விழும். ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் இறங்கினால் பல மணி நேர வேதனை.

அந்த ஒரு சாண் பெரும்பாலும் தூரத்தால்தான் பிசகுகிறது. கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லிலிருந்து அம்பு நொடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் போகிறது. நாண் அதிரும் சத்தமோ 340 மீட்டர் வேகத்தில் முந்திக்கொள்ளும். அதைக் கேட்டதும் பாய்ந்து ஓடுவதற்காக மான் உடம்பைத் தாழ்த்தும். 20 மீட்டரில் அதற்குக் கால் நொடிகூடக் கிடைக்காது. 50 மீட்டரில் சுமார் 0.4 நொடி கிடைக்கிறது. நீங்கள் எவ்வளவு தேர்ந்த வில்லாளியாக இருந்தாலும், குறி வைத்த இடத்தில் நெஞ்சு இருக்காது.

இந்த வேட்டையின் ஈர்ப்பும் அந்தக் கிட்டத்தில்தான் இருக்கிறது. பரண்மேல் அசையாமல் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று கவனித்து, மானின் காது திரும்புவதுகூடத் தெரியும் தூரத்துக்கு அது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். வில்லை இழுப்பதற்கும் மானின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைய வேண்டும். பல நாள் அம்பை விடாமலே இறங்கி வருவேன். அந்த நாட்களும் எனக்கு நிறைவானவைதான்.

பிரிட்டனில் வில் வேட்டைக்கே தடை. அவர்கள் சொல்லும் வேதனை உண்மையானது என்பதால் அந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் வில்லுக்கென்று தனித் தேர்வு உண்டு, குறி பார்த்து எய்தும் காட்ட வேண்டும். விஸ்கான்சினில் அப்படி எய்து காட்டும் கட்டாயம் இல்லை. அது இங்கேயும் வர வேண்டும், என்னைப் போல் பழகியவர்களுக்கும் சேர்த்தே.