ஜீவனாம்சம் தராதவரிடம் மகனை விடுமுறைக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் மதுரையில் வசிக்கிறேன். 2023-ல் இந்துத் திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. ஒன்பது வயது மகன் என்னிடம் வளர்கிறான். ‘கோடை விடுமுறையில் பாதி நாட்கள் தந்தையிடம்’ என்று உத்தரவில் இருக்கிறது. கோவையில் இருக்கும் அவர் போன வருடம் பள்ளி திறந்து பத்து நாள் கழித்துத்தான் மகனைக் கொண்டுவந்து விட்டார். ஏழு மாதமாக ஜீவனாம்சமும் தரவில்லை. அவர் வீட்டார் மகனிடம் என்னைத் தவறாகப் பேசுகிறார்கள். அவனும் போகமாட்டேன் என்கிறான். இந்த வருடம் அனுப்பாமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. அனுப்பித்தான் ஆக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நாலு பக்கத்துக்கு வருத்தம் இருக்கிறது. படித்தேன், புரிகிறது. ஆனால் நீதிபதி பார்க்கப்போவது ஒன்றைத்தான்: உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் அதை மாற்ற வேண்டியது நீதிமன்றம், நீங்கள் அல்ல. மாமியார் வீட்டுப் பேச்சை விட்டுவிடுங்கள். வழக்கில் அதற்கு எடை கிடையாது. ஜீவனாம்சம் தனி, மகனை அனுப்புவது தனி. தந்தையைப் பார்ப்பது குழந்தையின் உரிமை என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அந்த உரிமையை அவருடைய பாக்கிக்கு ஈடாக நீங்கள் பிடித்துவைக்க முடியாது.

என்னிடம் வந்த பல தாய்மார்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். ஒருவர் கோபத்தில் ‘காசைப் போடுங்க, அப்புறம் பையனைப் பாருங்க’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிரிண்ட் எடுத்து மனுவோடு சேர்த்தார். அதுவரை பணம் தராத தந்தை தவறு செய்தவராக இருந்தார். அன்று முதல் உத்தரவை மீறிய தாய் தவறு செய்தவர் ஆனார். அடுத்து நீதிமன்ற அவமதிப்பு மனு, அதற்கடுத்து ‘குழந்தையை என்னிடமிருந்து பிரிக்கிறாள், பொறுப்பை எனக்கு மாற்றுங்கள்’ என்று ஒரு மனு. பாக்கிப் பணம் பற்றிய பேச்சு அதோடு அடிபட்டுப் போனது.

மகன் போகமாட்டேன் என்பதை நம்பியும் இறங்காதீர்கள். நீதிபதி அவனைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். ஒன்பது வயதுப் பையன் வாயிலிருந்து ‘அப்பா அரியர்ஸ் கட்டலை’ என்று வந்தால், அது யார் சொல்லிக்கொடுத்தது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். தயவுசெய்து அவன் காதில் பண விஷயம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் ‘பாதி நாட்கள்’ என்ற அந்தச் சொல். எந்தப் பாதி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது? எதுவுமே உத்தரவில் இல்லை. போன வருடத் தாமதத்துக்கு நீங்கள் அவமதிப்பு மனு போட்டிருந்தாலும், ‘என் கணக்கில் அதுதான் பாதி’ என்று அவர் பதில் சொல்லியிருப்பார். இந்துத் திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில், விவாகரத்துக்குப் பிறகும் குழந்தை தொடர்பான உத்தரவை மாற்றலாம். உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில் மார்ச் மாதத்திலேயே மனு போடுங்கள். மே மாதம் கோர்ட் விடுமுறை. அதற்கப்புறம் ஓடி வந்து பயனில்லை.

அதைவிட நல்லது, சமரசம். உங்கள் வக்கீலை அவருடைய வக்கீலிடம் பேசச் சொல்லி, தேதி போட்டு ஒரு கூட்டு மெமோ, அதாவது இருவரும் ஒப்புக்கொண்டதை எழுதிக் கையெழுத்திட்ட தாள், தாக்கல் செய்து, அதன்படி உத்தரவு வாங்கிவிடுங்கள். முதல் பாதியை அவருக்கே கொடுங்கள், இரண்டாவது பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும் நேரத்தில் பையன் உங்களிடம் இருப்பான். முதல் பாதி போதாது என்று அவர் கேட்டால் அரையாண்டு விடுமுறையில் சில நாள் கூட்டிக்கொடுங்கள். கை மாறும் இடம், மணி, தினமும் மாலையில் ஒரு வீடியோ கால், உங்கள் சம்மதம் இல்லாமல் அங்கே பள்ளியில் சேர்க்கக் கூடாது என்பது, இவையெல்லாம் எழுத்தில் வரட்டும். தொலைவில் இருக்கும் பெற்றோருக்கு வீடியோ கால் உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதை அவரும் மறுக்க முடியாது.

அவர் மறுபடி தாமதம் செய்தால் தம்பி, மாமா என்று ஆள் சேர்த்துக்கொண்டு கோவைக்குப் போகாதீர்கள். அங்கே ஒரு தள்ளுமுள்ளு நடந்தால் போதும், வழக்கு உங்கள் மேல். ‘தேதி முடிந்துவிட்டது, மகனை அனுப்புங்கள்’ என்று அமைதியாக ஒரு மெசேஜ், மறுநாள் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் மனு.

பாக்கிப் பணத்துக்குத் தனியாக நிறைவேற்று மனு, அதாவது உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் மனு, போட வேண்டும். ஜீவனாம்ச உத்தரவு எந்தச் சட்டத்தில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவில், அதாவது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 144-ல் வந்தது என்றால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் அது சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். தவறினால் அந்த மாதத் தொகையை வசூலிக்க வாரண்ட் கேட்க முடியாது. உங்களுக்கு ஏழு மாதம் ஓடிவிட்டது. உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் வக்கீலைப் பாருங்கள்.